காமிராவுக்கு முகம் காட்டுங்கண்ணே

பிள்ளையார்பட்டி குடைவரைக்குள் கற்பக விநாயகர் வடக்கு பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கை இரண்டுதான், அதில் பதிவேடு எதுவும் இல்லை. கும்பிட வந்தவன் நேற்று எந்த மறியலில் உட்கார்ந்தான் என்று அவர் விசாரிப்பதும் இல்லை.

கொஞ்ச தூரத்தில் காரைக்குடி ஐந்து விளக்கு. அங்கே ஆர்ப்பாட்டம் என்றால் கொடி வருவதற்கு முன்பே மஃப்டியில் ஒருவர் காமிராவோடு வந்துவிடுவார். கல்யாண வீட்டு வீடியோக்காரர் தோற்றார். முன்வரிசை, பின்வரிசை, ஓரமாக டீ குடிப்பவர் என்று ஒருவரையும் விடமாட்டார். என்ன, ஆல்பம் மட்டும் நமக்கு வராது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னார்கள். 2021-ல் தமிழ்நாடு காவல்துறைக்கு முகமறியும் மென்பொருள் வந்தது. குற்றவாளியையும் காணாமல் போனவரையும் கண்டுபிடிக்கத்தானாம். கோஷம் போட்டவர் இதில் எந்தக் கணக்கு என்று கேட்டால் கேட்டவர் முகமும் பதிவாகும்.

தில்லி போலீஸ் தகவல் உரிமைச் சட்டப் பதிலில் ஓர் அளவே சொல்லியிருக்கிறது: முகம் நூற்றுக்கு எண்பது ஒத்துப்போனால் ஆள் அவர்தான். செட்டிநாட்டில் ஒரு வளவுப் பங்காளிகளை வரிசையாக நிறுத்தினால், மூக்கிலேயே எண்பது தேறிவிடும். அண்ணன் கோஷம் போடுவார், தம்பிக்குச் சம்மன் வரும்.

2024 மே மாதம் தமிழ்நாட்டு முகப் பெட்டகத்துக்குள்ளேயே யாரோ ஹேக்கர்கள் புகுந்துவிட்டார்கள். ஊர் முகமெல்லாம் உள்ளே இருந்தது. புகுந்தவர் முகம்தான் இல்லை.