கூடாரத்தில் தூங்கி, கோலாலம்பூரைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

பள்ளி விடுமுறைக்கு ஈப்போவிலிருந்தோ சுங்கைப் பட்டாணியிலிருந்தோ பிள்ளைகளோடு தலைநகர் பார்க்கக் கிளம்பும் குடும்பத்துக்கு வெகுகாலம் இரண்டே வழிகள்தாம். ஹோட்டலில் தங்கினால் பணம் போகும். கிள்ளானில் சித்தி வீட்டில் தங்கினால் நிம்மதி போகும். கோவிட்டுக்குப் பிறகு ஆளாளுக்குக் கூடாரம் வாங்கிவிட்டதால் மூன்றாவது வழி ஒன்று பிறந்திருக்கிறது. ராத்திரி உலு லங்காட் ஆற்றங்கரையில் தூக்கம், பகலெல்லாம் நகரம். ஆறு வயதுக்குக் கீழே இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதற்குத் துணிந்தவர்களுக்காகவே இந்த வழிகாட்டி.

முதலில் யாரிடம் சொல்லக்கூடாது என்பதை முடிவு செய்யுங்கள். சித்தியிடம் சொல்லக்கூடாது. "எங்க வீட்ல எடமில்லன்னு யாரு சொன்னா?" என்ற கேள்வி அடுத்த தீபாவளி வரைக்கும் ஓடும். அதைவிட முக்கியம், பாட்டியிடம் சொல்லக்கூடாது. அவர் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து, விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனவர். நீங்கள் பெருமையாகக் கைப்பேசியில் முகாம் இடத்தின் படங்களைக் காட்டுவீர்கள். பொதுக் குழாய், தள்ளி நிற்கும் கழிப்பறை, இருட்டு. கொசுவும் அட்டையும் படத்தில் இருக்காது, ஆனால் பாட்டிக்குத் தெரியும். "கொழாயும் கக்கூசும் வீட்டுக்குள்ள வரணும்னுதானேய்யா சங்கத்துல நின்னு சண்டை போட்டோம்? நீ காசு கட்டித் திரும்ப வெளியில போறியா?" என்பார்.

பாட்டி சொல்லும் சங்கம், தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம், 1954இல் உருவானது. அந்தக் கேள்விக்கு அத்தனை வருடத்துக் கனம் உண்டு, பதில் சொல்லப் பார்க்காதீர்கள். சீஃபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா ஆனது, சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் ஆனது. காட்டை அழித்துத் தோட்டம் போட்டார்கள், தோட்டத்தை அழித்து வீடு கட்டினார்கள், அந்த வீட்டில் பிறந்த பேரனுக்கு இப்போது விடுமுறையில் காடு கேட்கிறது. இதை விளக்கிப் பாட்டியைச் சம்மதிக்க வைப்பதற்குள் விடுமுறை முடிந்துவிடும்.

அசல் காடுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு தகவல். கெப்போங்கில் இருக்கும் வன ஆராய்ச்சிக் கழகத்தின் அடர்ந்த காடு, ஈயம் தோண்டிப் பாழாய்ப்போன நிலத்தில் 1920களிலிருந்து மனிதர்கள் கையால் நட்டு வளர்த்தது. 2025இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆக, அசல் நகல் பார்க்காமல் உலு லங்காட்டிலேயே, சுங்கை சொங்காக் மாதிரி ஓர் ஆற்றோரமாகக் கூடாரத்தை அடியுங்கள்.

அடிக்குமுன் இரண்டு விஷயங்கள், இவற்றில் கிண்டல் கிடையாது. உங்கள் தலைக்கு மேல் வெயில் காயும்போதே மலை மேல் பெய்த மழை திடீரென்று ஆற்றில் வந்து இறங்கும். கெப்பாலா ஆயேர் என்று எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான். தெளிந்த தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியுமாக மிதந்து வந்தாலோ, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுங்கள், செருப்பைத் தேடாதீர்கள். இன்னொன்று, அந்த இடத்துக்கு முகாம் நடத்த அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். 2022 டிசம்பர் 16ஆம் தேதி விடியுமுன், பத்தாங் காலியில் கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மலைச்சரிவு இடிந்து விழுந்து 31 பேர் இறந்தார்கள். அவர்களில் பிள்ளைகளும் உண்டு. அங்கே முகாம் நடத்த அனுமதியே இல்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. சரிவின் அடிவாரத்தில் இடம் கொடுத்தால், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை என்று கிளம்பிவிடுங்கள்.

ராத்திரியைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பிள்ளைகளுக்குக் கூடாரத்தில் பிடித்தது ஜிப் மட்டும்தான். அதைப் பதினோரு மணி வரைக்கும் திறந்து மூடுவார்கள். இரண்டு மணிக்கு ஒருத்திக்குக் கழிப்பறை போக வேண்டும், திரும்பி வந்து படுத்ததும் மற்றவனுக்குப் போக வேண்டும்.

காலையில் மாமாக் கடையில் பசியாறிவிட்டு, செராஸ் பக்கம் காரை நிறுத்த வசதியுள்ள எம்ஆர்டி நிலையம் ஒன்றில் ரயில் ஏறுங்கள். காரிலேயே நகருக்குள் போகலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி உதவாது. முசியும் நெகாரா நிலையத்தில் இறங்கி, நடைபாதை வழியாக கேஎல் சென்ட்ரலுக்கு நடக்க வேண்டும். நகரும் படிக்கட்டுதான் பிள்ளைகளுக்குக் கோலாலம்பூர். ஏறி, இறங்கி, மறுபடி ஏறுவார்கள். உங்கள் பட்டியலில் பத்தரை மணிக்கு இரட்டைக் கோபுரம் என்று இருக்கும். அந்தப் பட்டியலைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள், பிறகு மூக்குத் துடைக்க உதவும்.

கோபுரத்துக்குப் போயே ஆக வேண்டும் என்றால் திங்கட்கிழமை போகாதீர்கள், மேலே ஏற விடமாட்டார்கள். 452 மீட்டர், 88 மாடி, 41ஆம் 42ஆம் மாடிகளில் இரண்டையும் சேர்க்கும் பாலம் என்று நீங்கள் அண்ணாந்து விளக்கிக்கொண்டிருக்கும்போது, மூன்று வயதுக்காரி கீழே பூங்காவில் இருக்கும் பிள்ளைகள் குளத்தைப் பார்த்துவிட்டிருப்பாள். ரோபெர்ட்டோ பூர்லி மார்க்ஸ் என்ற பிரேசில்காரர் வடிவமைத்த பூங்கா அது. கோபுரத்தை அண்ணாந்து பார்க்கப் பெரியவர்களையும், முழங்கால் தண்ணீரில் இறங்கச் சின்னவர்களையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்ததற்காக அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். மாற்றுத்துணி உலு லங்காட்டில் இருக்கும்.

பத்துமலைக்குக் கேடிஎம் கொமுட்டர் போகிறது. தள்ளுவண்டி வேண்டாம், 272 படிகள். 2018இல் படிகளுக்கு வண்ணம் அடித்ததிலிருந்து பிள்ளைகள் நிறம் சொல்லிக்கொண்டே உற்சாகமாக ஏறுகிறார்கள், முப்பதாவது படி வரைக்கும். அதற்கு மேல் காவடிக்குப் பதில் தோளில் பிள்ளை. முடியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். 2006இலிருந்து 140 அடி முருகன் அடிவாரத்திலேயே நிற்கிறார், அவருக்குப் பெற்றோரின் முழங்கால் வலி தெரியும். வாழைப்பழத்தைக் கையில் வைத்திருக்காதீர்கள். குரங்கு பறித்துக்கொண்டு போனால், இந்தப் பயணத்தில் பிள்ளைகள் வருடக்கணக்கில் சொல்லப்போகும் கதை அதுவாகத்தான் இருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிரிக்பீல்ட்ஸ். வாழையிலைச் சாப்பாட்டில் பிள்ளைகள் அப்பளம் மட்டும் தின்பார்கள், இரண்டாவது இலை வாங்காதீர்கள். 2010இல் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் சேர்ந்து திறந்துவைத்த லிட்டில் இந்தியாவில் பிள்ளைகள் விட்டு நகர மறுக்கும் ஒரே இடம் யானை நீரூற்று. அங்கே நிற்கும் நேரத்தில் நீங்கள் கொஞ்சம் யோசிக்கலாம். 1881 ஜனவரியில் கோலாலம்பூரைத் தீ தின்றது, அதே வருடம் டிசம்பரில் வெள்ளம் வந்து மிச்சத்தைக் கரைத்தது. மரமும் அத்தாப்பும் இனி வேண்டாம், செங்கல்லில் கட்டுங்கள் என்று அதன் பிறகுதான் உத்தரவு போட்டார்கள். அந்தச் செங்கற்களைச் சுட்ட சூளைகள் இருந்த இடம் நீங்கள் நிற்கும் இந்தப் பேட்டை. ஊரே செங்கல்லுக்கு மாறி நூற்று நாற்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகு, நீங்கள் துணிக்குள் படுக்க வந்திருக்கிறீர்கள்.

மூன்று மணிக்கு மேல் வானம் கறுக்கும். அக்டோபர், நவம்பர் என்றால் கேட்கவே வேண்டாம். இடியோடு கொட்டும் அந்த மழையில், உலு லங்காட்டில் கூடாரத்தின் ஜன்னலைச் சாத்தினோமா என்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கேட்பார்கள். சாத்தியிருக்க மாட்டீர்கள். விளையாடியவன் கடைசியாகத் திறந்தே விட்டிருப்பான். போய் நனைந்ததையெல்லாம் வாரிப் பின்னால் போட்டுக்கொண்டு, சாயங்கால நெரிசலில் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, கிள்ளானுக்கு ஓட்டுங்கள். எதுவும் சொல்லிச் சமாளிக்கத் தேவையில்லை. "நேத்தே பாய் எடுத்து வெச்சுட்டேன்" என்பார் சித்தி. பாட்டிதான் போன் பண்ணியிருப்பார்.

ஈரக் கூடாரத்தை மடித்து வைத்தால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். காலையில் சித்தி வீட்டுக் கார் போர்ச்சில் நன்றாக விரித்துக் கட்டுங்கள். வாசலில் கூடாரத்தைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு அங்கிள், "என்ன விசேஷம், சொல்லவே இல்ல?" என்று கேட்பார். மதியத்துக்குள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். யாராவது அங்பாவ் நீட்டினால் மறுக்காமல் வாங்கி, சித்தியிடம் கொடுத்துவிடுங்கள்.