மார்ச் 21-இல் இடமில்லை

அனுப்புநர்: நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர், அரசு உதவி பெறும் கலைக் கல்லூரி ஒன்று, தமிழ்நாடு.

பெறுநர்: மாண்புமிகு தலைவர் அவர்கள், ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, நியூயார்க்.

பொருள்: மார்ச் 21 – கடும் இடநெருக்கடி – நடவடிக்கை எடுக்கக் கோருதல் – சார்பு.

பார்வை: தங்கள் சபையின் பல்வேறு தீர்மானங்கள், 1966 முதல்.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

தாங்கள் 193 நாடுகளைக் கட்டி மேய்ப்பவர். நான் நூறு மாணவர்களைக் கட்டி மேய்ப்பவன். வந்தவர்களை உட்கார வைக்க நம் இருவராலும் முடியும். அதற்கு மேல் எதுவும் நம் கையில் இல்லை. அந்த உரிமையில்தான் இந்த மனுவை எழுதுகிறேன்.

மார்ச் மாதம் பிறந்தால் எங்களுக்குச் சுற்றறிக்கைகள் வரத் தொடங்கும். மேற்படி நாளைச் சிறப்பாகக் கொண்டாடி, புகைப்படங்களுடன் அறிக்கை அனுப்பச் சொல்வார்கள். கொண்டாடுவதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் மேற்படி நாள், மேற்படி நாள் என்று வருவதெல்லாம் ஒரே 21-ஆம் தேதியாக இருக்கிறது. இனப் பாகுபாட்டை ஒழிக்கும் நாள் அன்றைக்குத்தான். உலகக் கவிதை நாள், காடுகள் நாள், நவ்ரூஸ் நாள், டவுன் சிண்ட்ரோம் நாள் எல்லாம் அன்றைக்குத்தான். இவ்வளவும் போதாதென்று 2025 முதல் பனியாறுகளையும் அங்கேயே கொண்டுவந்து இறக்கிவிட்டீர்கள். உலகப் பொம்மலாட்ட நாளும் அன்றே வருகிறது. அது உங்கள் ஏற்பாடு அல்ல, பொம்மலாட்டக்காரர்களின் பன்னாட்டுச் சங்கத்தின் ஏற்பாடு என்பதால் அந்தக் குற்றத்தை உங்கள் கணக்கில் எழுதவில்லை.

மார்ச் 31-க்குள் நிதியைச் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டிய எங்களுக்கு ஏழு விழா எடுக்க நாளும் இல்லை, நாதியும் இல்லை. ஒரே மேடை, ஒரே பிளக்ஸ். அச்சடிக்கிற தம்பி என்னிடம் கேட்டார்: "சார், பத்துக்கு ஆறுல இவ்வளவும் வராது. எதைப் பெருசாப் போட, எதைச் சின்னதாப் போட?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடமும் இருக்கும் என்று தோன்றவில்லை. பதில் வராததால் தம்பியே முடிவெடுத்தார். பின்னணியில் பனிமலை, அதன்மேல் இரண்டு பென்குயின், ஓரத்தில் ரோஜா, மேலே பெரிய எழுத்தில் கவிதை நாள். கீழ் மூலையில், எங்கள் முதல்வரின் படத்துக்கும் பென்குயினின் காலுக்கும் நடுவே, "இனப் பாகுபாடு ஒழிப்பு நாள் நல்வாழ்த்துகள்".

நல்வாழ்த்துகள்! எதற்கு என்று தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 1960 மார்ச் 21 அன்று தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில், கறுப்பின மக்கள் எங்கு போனாலும் அனுமதிச் சீட்டைச் சுமந்து திரிய வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து ஒரு கூட்டம் காவல் நிலையத்தின் முன் கூடியது. சீட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறோம், எங்களைக் கைது செய்யுங்கள் என்பதுதான் போராட்டமே. போலீஸ் சுட்டது. 69 பேர் இறந்ததாகப் பதிவானது. பலருக்குக் குண்டு முதுகில் பாய்ந்திருந்தது, அதாவது ஓடும்போது. ஆறு ஆண்டு கழித்து, 1966-இல், தாங்கள் அந்த நாளை இனப் பாகுபாட்டுக்கு எதிரான நாளாக அறிவித்தீர்கள். சபை செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று. அந்தத் தேதியை யாரும் நாள்காட்டி பார்த்துப் பொறுக்கி எடுக்கவில்லை. 69 பேர் செத்து விழுந்த தேதி அது.

எங்கள் நிகழ்ச்சி நிரலில் அது எப்படி வந்தது என்பதையும் சமுகத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்: 10.00 தமிழ்த்தாய் வாழ்த்து, 10.03 உறுதிமொழி, 10.06 மௌன அஞ்சலி, 10.07 கவியரங்கம்.

மற்றவர்களையெல்லாம் ஒரேயடியாகக் குறை சொல்வதற்கில்லை. நவ்ரூஸைக் கொண்டுவந்தது சூரியன். பகலும் இரவும் சமமாகும் பொழுதில் பிறக்கும் புத்தாண்டை, 2010-இல் தாங்கள் வெறுமனே அங்கீகரித்தீர்கள், அவ்வளவே. டவுன் சிண்ட்ரோமுக்கும் கணக்கு இருக்கிறது: 21-ஆம் குரோமோசோம் இரண்டாக இருக்க வேண்டிய இடத்தில் மூன்றாக இருப்பதுதான் அந்த நிலை, ஆகவே மூன்றாம் மாதத்து 21. இதை மாற்றச் சொன்னால் கல்நெஞ்சன் என்று பெயர் வரும், சொல்லமாட்டேன்.

கவிதையை என்ன சொல்வது? 1999-இல் யுனெஸ்கோ பாரிஸில் கூடி அதை இங்கே குடியேற்றியது. கவிஞர்களுக்கு வருடத்தில் ஒரு நாள் ஒதுக்கினால் மிச்ச நாட்களில் எழுதாமல் இருப்பார்கள் என்று நம்பினார்களோ என்னவோ. எங்கள் ஊரில் அப்படி நடக்கவில்லை.

காடுகள் நாளில்தான் எங்களுக்குச் சொந்த வழக்கு ஒன்று உண்டு. உணவு வேளாண்மை அமைப்பு 1971-லேயே இந்தத் தேதியைப் பிடித்து வைத்தது. 2012-இல் தாங்கள் அதற்கு முத்திரை குத்தினீர்கள். ஐரோப்பாவில் அப்போது வசந்தம், துளிர் விடும் காலம். இங்கே பங்குனி வெயில். மேற்படி நாளில் மரக்கன்று நட்டே தீர வேண்டும் என்பது சுற்றறிக்கை. கடப்பாரை போட்டால் மண் 'டங்' என்று பதில் சொல்லும். அரையடிக் குழி வெட்டி, கன்றை இறக்கி, சிறப்பு விருந்தினர் பூவாளியைச் சாய்த்துப் பிடிக்க, எட்டுப் பேர் அந்தப் பூவாளியின் கைப்பிடியைத் தொட முயல, புகைப்படம் எடுத்து அனுப்பிவிடுவோம். பிறகு தேர்வு, அதன்பின் கோடை விடுமுறை. ஜூனில் கல்லூரி திறக்கும்போது கன்றைச் சுற்றி வைத்த இரும்புக் கூண்டு மட்டும் நலமாக இருக்கும். அன்பளித்தவர் பெயரும் அதில் பளிச்சென்று இருக்கும். எங்களுக்கு மழை வருவது ஐப்பசியில் என்பதை உங்கள் உறுப்பு நாடுகளில் ஒன்றாவது எழுந்து சொல்லியிருக்கலாம்.

பனியாறு விவகாரம் இன்னும் விசேஷம். அந்தத் தீர்மானத்தை முன்னின்று கொண்டுவந்தது தஜிகிஸ்தான். உருகும் பனியைப் பற்றிப் பேச அவர்களுக்கு முழு உரிமை உண்டு, மலைநாடு. ஆனால் நவ்ரூஸும் அவர்கள் பண்டிகைதான், 2010-இல் அதற்கு வாதாடிய நாடுகளில் அவர்களும் (நம் இந்தியாவும்தான்) உண்டு. மார்ச் 21 அங்கே பொது விடுமுறை. பனியாறுகள் நாளன்று பனியாறுகளின் நாட்டில் அலுவலகம் பூட்டிக் கிடக்கும்! மறுநாள் 22 உலகத் தண்ணீர் நாள், அதற்கடுத்த 23 உலக வானிலை நாள். பனி 21-இல் உருகி, 22-இல் தண்ணீராகி, 23-இல் மேகமாகிவிடுவதால் ஒருவேளை வசதிக்காக வைத்தீர்களோ என்றும் யோசித்தேன்.

இத்தனைக்கும் இடப்பஞ்சம் உண்டா என்றால், இல்லை. உங்கள் பட்டியலில் இருப்பவை இருநூற்றுச் சொச்சம் நாட்கள். வருடத்துக்கு 365. ஆளுக்கொரு வீடு கொடுத்த பிறகும் தெருவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் காலியாகக் கிடக்கும். அப்படியிருந்தும் பிப்ரவரி 10-இல் பருப்பு வகைகளையும் அரேபியச் சிறுத்தையையும் ஒரே அறையில் போட்டு அடைத்திருக்கிறீர்கள். ஜூன் 30-இல் விண்கல் நாளும் நாடாளுமன்ற நாளும் சேர்ந்து வருகின்றன. முன்னது 1908-இல் சைபீரியாவின் துங்குஸ்காவில் விண்கல் வானிலேயே வெடித்ததன் நினைவு. பின்னது 1889-இல் நாடாளுமன்றங்களின் பன்னாட்டு ஒன்றியம் தொடங்கியதன் நினைவு. பேரழிவில் எது பெரிது என்ற விவாதத்துக்குள் நான் போக விரும்பவில்லை.

நாட்கள் ஏன் இப்படிப் பெருகுகின்றன என்பதற்கான விடை தங்கள் தீர்மானங்களிலேயே இருக்கிறது. அண்மைக்காலத் தீர்மானங்களில் பெரும்பாலானவற்றின் வால்பகுதியில் ஒரு வரி வரும்: இதற்காகும் செலவைத் தன்னார்வ நன்கொடையிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் சுற்றறிக்கையிலும் இதே வரி வேறு வார்த்தையில் இருக்கும். பணம் கொடுக்க மனமில்லாத இடத்தில் தேதி கொடுக்கிறார்கள். தேதி மலிவு, பெரும்பாலும் வாக்கெடுப்பு இல்லாமலே நிறைவேறும், எதிர்த்துப் பேசினால் கவிதைக்கோ காட்டுக்கோ விரோதி என்று ஆகிவிடும். அதனால் அநேகமாக யாரும் பேசுவதில்லை.

ஆகவே தங்கள் சமுகத்தில் பணிந்து கேட்டுக்கொள்வது: சூரியனும் குரோமோசோமும் கொண்டுவந்து சேர்த்த இருவரையும் அப்படியே இருக்கவிட்டு, கவிதை, காடு, பனியாறு மூன்றையும் காலியாக உள்ள வேறு தேதிகளுக்கு மாற்றித்தர வேண்டும். எந்தத் தேதி காலி என்பது தங்கள் அலுவலகத்துக்கே நன்றாகத் தெரியும். காடுகள் நாளை எங்கள் பக்கத்துக்காவது அக்டோபருக்குப் பிறகு ஒத்திவைத்தால் கன்று பிழைக்கும். இனி எந்த நாடு எந்த நாளைக் கேட்டு வந்தாலும், அந்தத் தேதியில் ஏற்கெனவே யார் செத்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
திட்ட அலுவலர்