கொற்கைக்கு இனிக் கப்பல் வராது

தாமிரபரணி வாய்க்காலில் ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு, ஒரு பிடி வைக்கோலைப் போட்டு நாலைந்து நாள் வைத்தால், செருப்பு வடிவத்தில் ஒருத்தர் நீந்திக்கொண்டிருப்பார். பாரமீசியம். விலங்கியல் படித்தவர்களுக்குப் பழக்கம்தான்: கண்ணாடித் தகட்டில் பஞ்சிழை நாலைப் போட்டு மறித்தால்தான் ஐயா நிற்பார். உடம்பெல்லாம் சேர்த்து ஒரே செல். மரபணுக்களோ சுமார் 40,000. எட்டிப் பார்க்கும் நமக்கு 20,000 சொச்சம்தான்.

இவ்வளவும் எப்படி வந்தது? உழைத்துச் சேர்க்கவில்லை. 2006-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இவர் மரபணுத் தொகுதியைப் படித்ததும் குட்டு உடைந்தது. முன்னோர்கள் குறைந்தது மூன்று தடவை மொத்தத்தையும் அப்படியே நகலெடுத்திருக்கிறார்கள்.

ஒரே வேலைக்கு இரண்டு பேர் வந்தாயிற்று. ஒருவர் தூங்கினாலும் காரியம் நடக்கிறது. தூங்குகிறவரை எழுப்ப யாருக்கு அக்கறை? ஓர் எழுத்து விழும், நடுவில் முற்றுப்புள்ளி முளைக்கும், புரதம் வராது. ஆள் இருக்கிறார், வேலை இல்லை. அவர்தான் போலி மரபணு.

நம்ம ஆற்றின் கடைசியிலும் அப்படியொருவர் உண்டு. கொற்கை, பாண்டியர் காலத்து முத்துத் துறைமுகம். ஆறு வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கடலைக் கிழக்கே தள்ளிவிட்டது. வேலையைக் காயல் வாங்கிக்கொண்டது. மார்க்கோ போலோ புகழ்ந்ததும் காயலைத்தான். காயலும் தூர்ந்துபோகத் தூத்துக்குடிக்கு யோகம். 19-ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் ஐயர் கொற்கையைத் தோண்டியபோது சங்கும் பானையோடும்தான் வந்தன. ஒரு நியாயம் சொல்ல வேண்டும்: கொற்கை கடல் போன பிறகுதான் வேலையை விட்டது. மரபணு, நகல் இருக்கிற தைரியத்திலேயே விட்டுவிடும்.

எல்லாரும் விடவில்லை. கடைசி நகலில் சுமார் பாதி ஜோடிகள் இன்னும் உழைக்கின்றன. சரக்கு அதிகம் தேவைப்படும் இடங்களில் இரண்டு பேருக்குமே சம்பளம் உண்டு. மிகப் பழைய நகலில் பத்துக்கு ஒரு ஜோடிகூடத் தேறவில்லை.

வில்லங்கம் சம்பந்தம் பேசும்போதுதான். ஒரு கிளையில் அண்ணன் படுத்திருப்பார், இன்னொரு கிளையில் தம்பி. கலந்தால் பேரப்பிள்ளைகளில் சிலருக்குப் படுத்தவர் இருவரும் சேர்ந்தே வாய்ப்பார்கள்; வேலை பார்க்க ஆளே இருக்காது. இப்படித்தான் கிளைகள் பிரிந்திருக்க வேண்டும் என்று அந்த 2006 குழு கணித்தது. இந்தக் கூட்டத்தில் எல்லாம் ஒரே செருப்புதான், ஆனால் கிளை தாண்டிச் சேராது. இதை ஆய்வாளர் டிரேசி சானபார்ன் 1937-லேயே மோப்பம் பிடித்தார். 14 இனங்களாகப் பெயர் சூட்டியது 1975-ல். பெயர் வைக்க மனிதர் 38 வருஷம் யோசித்திருக்கிறார்.