டிரவுட் அண்ணன்

திண்டுக்கல்லில் பூட்டுக்கு யோசனை சொல்பவர், பிரியாணிக்குத் தீர்ப்பு எழுதுபவர் என்று தெருவுக்கு நாலு பேர் உண்டு. மீனுக்கென்று ஒருவர் இருக்கிறார். அதுவும் நம்ம ஊர் கெண்டை, கெளுத்திக்கெல்லாம் இல்லை. மலை ஏரியில், குளிர் தொடங்கும் பருவத்தில், டிரவுட் பிடிப்பதில் அவர் கரை கண்டவர். இதுவரை கரையைத்தான் கண்டிருக்கிறார்; மீன் இன்னும் கண்ணில் படவில்லை. கோடை வந்தால் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் இப்படி ஒருவர் முளைத்தது எப்படி என்று கேட்கக்கூடாது. தண்ணீர் இல்லாத இடத்தில்தான் நீச்சலைப் பற்றி நிறையப் பேச முடியும்.

கடையை மகனிடம் கொடுத்துவிட்டு, காலையில் டீக்கடை பெஞ்சைப் பிடித்துக்கொண்டவர். என்றோ ஊட்டிச் சுற்றுலாவில் அவலாஞ்சிக்குப் போய் மீன் பொரிப்பகத்தை எட்டிப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து வந்தது வினை. "வெள்ளைக்காரன் சும்மா விட்டானா மாப்ள?" என்றுதான் ஆரம்பிப்பார். ஃபிரான்சிஸ் டே என்ற மருத்துவர் 1860களில் சீமையிலிருந்து டிரவுட் முட்டையை நீலகிரிக்குக் கொண்டுவரப் பார்த்துத் தோற்ற கதை வரும். பிறகு வில்சன் என்றொரு துரை வந்தது, 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது, வானவில் டிரவுட் நீலகிரி ஓடைகளில் ஊன்றிப் பெருகியது என்று போகும். இவ்வளவும் உண்மை. கேட்கிறவருக்கு டீ ஆறிப்போவதும் உண்மை.

கொடைக்கானல் நம் மாவட்டம்தானே, அங்கே போய் வீசலாமே என்றால் முகம் சுருங்கிவிடும். 1863-ல் லெவிஞ்ச் துரை அவ்வளவு அழகாக ஏரியை அமைத்துக் கொடுத்தும், இன்றைக்கு அதில் பிரெட் உருண்டைக்கு வாய் திறப்பது காமன் கார்ப் என்பது அவருடைய நிரந்தர மனத்தாங்கல். "கார்ப் பிடிக்கிறதுக்கு மலையேறணுமா?" என்பார். சிறுமலையைப் பார்க்கும்போதும் பெருமூச்சுதான். "இன்னும் ஒரு ரெண்டாயிரம் அடி உசந்திருந்தா..." என்று மலையையே குறை சொல்லும் ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

டிரவுட்டுக்குத் தண்ணீர் 20 டிகிரிக்குள் இருந்தால் சுகம். 25-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. இது தெரிந்ததால், ஐப்பசி மழைக்குக் கண்மாயில் தண்ணீர் சேர்ந்ததும் வீட்டிலிருந்த காய்ச்சல் தெர்மாமீட்டரைக் கொண்டுபோய் முக்கிப் பார்த்தார். பாதரசம் நகரவே இல்லை. "பார்த்தியா, என்ன குளிர்ச்சி!" என்று பூரித்துப்போனார். அந்தத் தெர்மாமீட்டர் 35-லிருந்துதான் ஆரம்பிக்கும் என்பதை அவரிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

தூண்டில் கம்பு ஒன்பது அடி, நான்கு துண்டாகக் கழற்றலாம். உறையோடு தோளில் மாட்டிக்கொண்டு போனால் எதிரே வருபவர், "எந்த ஊர்ல கச்சேரி?" என்று கேட்பார். நம்ம தூண்டிலில் ஈயக்குண்டும் மண்புழுவும் கனம் கொடுக்கும். தூக்கி எறிந்தால் போய் விழும். இவருடையதில் கனமெல்லாம் நரம்பில். முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈ மட்டும் இருக்கும். கம்பை முன்னும் பின்னும் வீசி நரம்பைக் காற்றில் விரித்து, அந்த ஈயை நிஜ ஈ உட்காருவதுபோல் தண்ணீரில் இறக்க வேண்டும். சாமானிய வித்தை இல்லை. ஆடு மேய்க்கும் பையனிடம், "கடிகார முள்ளு மாதிரி பத்து மணிக்கும் ரெண்டு மணிக்கும் நடுவுல தாண்டா வீசணும்" என்று பாடம் எடுத்தார். பையன் யோசித்துவிட்டு, "அந்நேரம் வெயிலு சார், மீனு ஆழத்துக்குப் போயிருமே" என்றான்.

ஈ கட்டச் சேவலின் கழுத்து இறகு வேண்டும். சீமையில் ஈ கட்டுகிறவர்கள் ஒரு காலத்தில் இந்தியச் சேவல் இறகைத்தான் தேடி வாங்கினார்கள். கறிக்கடையில் கிடைக்கும் பிராய்லர் இறகு அண்ணனுக்கு ஆகாது. அவர் கண் விழுந்தது, பக்கத்துத் தெருவில் ஒருவர் வளர்க்கும் கிளிமூக்கு விசிறிவால் சேவல்மேல். பாதாமும் முட்டையும் தின்று, கண்காட்சிக்காகவே வளர்கிற ராஜா அது. "ரெண்டே ரெண்டு இறகு, கழுத்துல" என்று இவர் பணிவாகக் கேட்டார். சேவல்காரர் பதில் பேசாமல் சேவலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அன்று முதல் அந்தத் தெருவில் இவர் தலை தெரிந்தால் கூடை கவிழ்க்கும் சத்தம் கேட்கும்.

தீபாவளிக்கு ஜவுளி எடுக்க வீட்டில் கூப்பிட்டால், "இதுதான் சீசன்" என்பார். ஐரோப்பாவில் இந்த மாதங்களில்தான் பழுப்பு டிரவுட் முட்டையிட ஓடையில் மேலேறுமாம். சரி, அது ஐரோப்பாவில். இங்கே கண்மாயில் இருப்பது 1952-ல் இந்தியாவுக்குள் வந்து, எந்தக் குட்டையையும் விட்டுவைக்காத ஜிலேபிக் கெண்டை. பாசி கிடைத்தால் அதற்குப் போதும். இறகு கட்டிய ஈயை ஏறெடுத்தும் பார்க்காது. அண்ணனின் ஈயை ஒழுங்காகக் கவ்வுவது பின்னால் நிற்கும் சீமைக்கருவேலம்தான்.

ஒருநாள் விரல் நீளத்தில் ஒரு பொடிக் கெண்டை எப்படியோ ஏமாந்துவிட்டது. கையை நனைத்துக்கொண்டு, குழந்தைக்கு மருந்து கொடுக்கும் பதனத்தோடு முள்ளை எடுத்து, திரும்பத் தண்ணீரில் விட்டார். "பிடிச்சு விடுறதுக்கா சார் இம்புட்டுப் பாடு?" என்றான் பையன். "அதுதான்டா ஸ்போர்ட்டு." வீட்டில் மசாலா அரைத்து வைத்திருந்தவரிடம் அந்த ஸ்போர்ட்டு எடுபட்டிருக்காது.

அந்தக் கண்மாய் மீன் குத்தகைக்கு விட்ட கண்மாய். குத்தகைக்காரர் ஒரு மாலையில் திடீரென்று வந்து, தூண்டிலோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் விரட்டினார். மூங்கில் கம்பைப் பிடுங்கி ஒடித்தார். அண்ணன் மட்டும் முழங்கால் தண்ணீரில் நின்று கம்பை வீசிக்கொண்டிருந்தார். காவல்காரர், "அவரையும் கிளப்பவாண்ணே?" என்று கேட்டார்.

"அவரை விடுப்பா. அவரால மீனுக்கு ஒரு சேதமும் இல்ல."

மறுநாள் டீக்கடையில் அண்ணன் வழக்கத்தைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்மாயில் தனக்கு மட்டும் ஸ்பெஷல் பெர்மிஷன் என்றார்.