பின்கோடு வைத்த ஆப்பு

திருக்கழுக்குன்றத்தில் பிறந்து வளர்ந்தும் நான் கழுகைப் பார்த்ததில்லை. உச்சிவேளைக்கு இரண்டு கழுகுகள் மலைக்கு வந்து பொங்கல் தின்றுவிட்டுப் போன காலத்தில், நான் பாதிப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பேன். ஏறி முடிப்பதற்குள் அவை போயிருக்கும். இரண்டே இரண்டை எண்ணத் துப்பில்லாதவன், போன தை மாதம் ஆறிலக்க எண்ணில் கை வைத்தேன்.

அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகைக்கு புரூஃப் பார்க்கும் வேலை. விலாசத்தின் கடைசியில் 603 109. ஒற்றைப்படை, 5-இல் முடியவில்லை. இலக்கங்களைக் கூட்டினால் 19, அதனால் 3 போகாது. 7-க்கு மீதி 3, 11-க்கு மீதி 1. பகா எண்தான் என்று முடிவு கட்டினேன். முறைப்படி 773 வரைக்கும் 137 பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். நான் பார்த்தது ஐந்து. பி.எஸ்ஸி. கணிதம் வேறு.

குடும்ப வாட்ஸப் குழுவில் குரல் பதிவு போட்டேன்: "நம்ம ஊர் பின்கோடை யாராலும் வகுக்க முடியாது. நம்ம குடும்பம் மாதிரி." (வீட்டில் அப்போது பாகப்பிரிவினைப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.)

கல்யாணப் பெண்ணின் தங்கை எட்டாவது படிக்கிறாள். "சித்தப்பா, 603-ல 109 போனா 494. அது பதிமூணுல போகுதே?"

7 × 11 × 13 = 1001. அதனால் ஆறிலக்க எண்ணை நடுவில் பிளந்து, ஒரு பாதியிலிருந்து மற்றதைக் கழித்தாலே மூன்றுக்கும் ஒரே வீச்சில் விடை தெரியும். புரூஃபிலேயே நடுவில் இடைவெளி விட்டுத்தான் அடித்திருந்தார்கள்; பிளக்கிற வேலைகூட எனக்கு இல்லை. 603109 = 13 × 17 × 2729. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் ஊரில் பதின்மூன்று எப்படி ஞாபகம் வரும் என்று சமாளித்தேன். எடுபடவில்லை.

மூன்று வெவ்வேறு பகா எண்களின் பெருக்கற்பலனுக்கு ஸ்பெனிக் எண் என்று பெயர். கிரேக்க மொழியில் 'ஸ்பென்' என்றால் ஆப்பு. ராமானுஜனின் 1729-உம் இதே இனம்தான்: 7 × 13 × 19. அதைச் சப்பென்று இருக்கிறது என்று சொல்லித்தான் கணித அறிஞர் ஹார்டி மாட்டிக்கொண்டார். அவரைத் திருத்த ராமானுஜன் கிடைத்தார். எனக்கு எட்டாம் வகுப்பு.

மானத்தைக் காப்பாற்ற ராத்திரி முழுக்க உட்கார்ந்தேன். 13, 17, 2729 மூன்றையும் 4-ஆல் வகுத்தால் மீதி 1. அப்படிப்பட்ட பகா எண் ஒவ்வொன்றும் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக வரும் என்பது ஃபெர்மா சொன்னது. மூன்று சேர்ந்ததால் எங்கள் பின்கோடுக்கு நான்கு வழி. 1729-க்கு ஒரு வழிகூடக் கிடையாது! குழுவில் பெருமையாகப் போட்டேன்: 703² + 330², 753² + 190², 622² + 465², 575² + 525².

விடிந்ததும் பதில் வந்திருந்தது. "சித்தப்பா, கடைசியில 522."

அதன் கீழே அண்ணன்: "பத்திரிகை அச்சாகி வந்துடுச்சு. பின்கோடு சரியா இருக்கு. மாப்பிள்ளை பேர்லதான் ஒரு எழுத்தைக் காணோம்."