லாப்ரடூடில், கோல்டன்டூடில்: ஒரு வேற்றுமை விளக்கம்

லாப்ரடார் ரெட்ரீவருக்கும் பூடிலுக்கும் பிறப்பது லாப்ரடூடில். கோல்டன் ரெட்ரீவருக்கும் பூடிலுக்கும் பிறப்பது கோல்டன்டூடில். பெற்றோரில் ஒருவர் இரண்டுக்கும் பொது. மற்ற இருவரும், சுட்டு வீழ்த்திய வாத்தைப் பல் படாமல் கவ்விவந்து கொடுக்கும் ஒரே தொழிலுக்காக வளர்க்கப்பட்ட குலத்தார்; உயரம், எடை, மனிதர்மேல் வைக்கும் அளவுகடந்த நம்பிக்கை ஆகியவற்றில் ஏறத்தாழ ஒத்தவர்கள். சுருட்டை முடியும் தாடியுமாகத் தெருவில் வரும் ஒரு டூடிலைப் பார்த்து இன்ன வகை என்று சொல்லத் துணிபவர், வாரைப் பிடித்திருப்பவரால் திருத்தப்படும் வாய்ப்பு சரிபாதி. ஆயினும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நாய் வாங்கப் புறப்படும் குடும்பங்கள் இவ்விரண்டில் எது என்று மாதக்கணக்கில் வாதிடுகின்றன. வேற்றுமை சிறிதானால் வாதமும் சுருங்கும் என்று எண்ணத் தோன்றும். வரப்போரத் தென்னை ஒன்றை அண்ணன் தம்பி பங்கிடுவதைப் பார்த்தவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள்.

முதலில் மூதாதையர். லாப்ரடாருக்குப் பெயர் கொடுத்த நிலம் ஒன்று, நாயைக் கொடுத்த நிலம் வேறு: கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவு மீனவர்களின் நாய்களிலிருந்து வந்து, 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் பிரபுக்களின் வேட்டைக் களத்தில் அது இனமாகத் திரண்டது. கோல்டனின் பிறப்புக்குக் கைப்பட எழுதிய பதிவேடே உண்டு. ஸ்காட்லாந்தின் கிசாக்கன் பண்ணையில் ட்வீட்மவுத் பிரபு, நௌஸ் என்ற மஞ்சள் நாயையும் பெல் என்ற ட்வீட் வாட்டர் ஸ்பானியலையும் இணைசேர்த்து 1868இல் பெற்ற குட்டிகளே அதன் தொடக்கம். பூடிலை ஜெர்மனியும் பிரான்சும் தத்தமது என்கின்றன. இவ்வாய்வு அதில் தலையிடாது. மூன்றும் நீரில் இறங்கி வேலை பார்த்தவை என்பது போதும்.

லாப்ரடூடில் என்ற பெயர், நீரில் வேகச் சாதனைகள் படைத்த டொனால்டு கேம்ப்பெல் 1955இல் வெளியிட்ட நூலிலேயே அவருடைய நாய்க்கு வழங்கியிருக்கிறது. எனினும் வரலாற்றை 1989இல் தொடங்குவதே மரபு. ஹவாயில் பார்வையற்ற பெண்மணி ஒருவருக்கு வழிகாட்டி நாய் வேண்டியிருந்தது. அவருடைய கணவருக்கோ நாய் ஒவ்வாது. ஆஸ்திரேலியாவின் ராயல் கைடு டாக்ஸ் சங்கத்தில் இனப்பெருக்கப் பொறுப்பிலிருந்த வாலி கான்ரன், முடி உதிராத பூடிலையே வழிகாட்டியாக்க முயன்றார். முப்பதுக்கு மேற்பட்ட பூடில்களைச் சோதித்தும் ஒன்றும் தேறவில்லை. பின்பு பூடிலை லாப்ரடாருடன் சேர்த்தார். பிறந்த மூன்று குட்டிகளின் முடியும் எச்சிலும் ஹவாய்க்கு அனுப்பப்பட்டன. கணவரின் உடல் ஒன்றை மட்டும் பொறுத்துக்கொண்டது. அந்தக் குட்டிதான் சுல்தான். மற்ற இரண்டையும் வீட்டில் வைத்துப் பழக்க ஆள் தேடியபோது, கலப்பின நாயை எடுத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. இது புதிய இனம், பெயர் லாப்ரடூடில் என்று விளம்பரப் பிரிவு அறிவித்ததும் கேட்டு வந்தவர்களைச் சமாளிக்க முடியவில்லை. நாய் மாறவில்லை, அறிவிப்பு மட்டுமே புதிது. 2019இல் ஆஸ்திரேலிய ஒலிபரப்பு நிறுவனத்திடம் பேசிய கான்ரன், வாழ்நாளில் தாம் வருந்தும் காரியம் இதுவே என்றார். ஒரே ஈற்றின் மூன்று குட்டிகளில் ஒன்றுதான் தேறியது என்ற செய்தியைப் படிப்பவர் நினைவில் வைக்கவும், கீழே வேண்டியிருக்கும்.

கோல்டன்டூடிலுக்கு இத்தகைய காவியம் கிடையாது. சார்லஸ் டிக்கன்ஸின் கொள்ளுப்பேத்தியும் நாவலாசிரியருமான மோனிகா டிக்கன்ஸ் 1969இல் கோல்டனையும் பூடிலையும் இணைசேர்த்தார். 1990களில், லாப்ரடூடிலுக்கு வந்த கிராக்கியைக் கண்ட வட அமெரிக்க வளர்ப்பாளர்கள் அதே வழியில் இறங்கினார்கள். அவ்வளவே.

இனி வேற்றுமைக்கு வருவோம். வாங்குபவர் முதலில் கேட்பது ஒவ்வாமை. இரண்டில் எது ஒவ்வாமை தராது? இரண்டுமே தரும். ஒவ்வாமையைத் தூண்டுவது முடி அன்று. நாயின் எச்சிலிலும் தோலிலும் உண்டாகும் கேன் எஃப் 1 போன்ற புரதங்கள். 2012இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வொன்று, ஒவ்வாமை தராதவை என்று பெயரெடுத்த நாய்களின் முடியில் இப்புரதம் மற்ற நாய்களைவிடக் கூடுதலாகவே இருக்கக் கண்டது. லாப்ரடூடில் வாழும் வீடுகளின் தரைத்தூசியில் மட்டும் சற்றுக் குறைவு. காற்றில் வேறுபாடு இல்லை. ஆகவே மூக்கைத் தரையில் வைத்து வாழ்பவர்களுக்கு லாப்ரடூடில் ஓரளவு உகந்தது எனலாம். அப்படி வாழ்வது அந்த வீட்டில் லாப்ரடூடில் மட்டுமே.

முடியே மெய்யான வேற்றுமைக்களம். இங்கே அறிவியல் கைகொடுக்கிறது. நாய்களின் முடியமைப்பில் பெரும்பகுதியை மூன்று மரபணுக்கள் தீர்மானிப்பதாக 2009இல் கண்டறியப்பட்டது. ஆர்எஸ்பிஓ2 மீசை, தாடி, அடர்ந்த புருவம் ஆகியவற்றைத் தருவது. எஃப்ஜிஎஃப்5 நீளத்தையும் கேஆர்டி71 சுருளையும் பார்த்துக்கொள்கின்றன. பூடிலுக்குத் தாடியும் நீளமும் சுருளும் உண்டு. ரெட்ரீவர் இரண்டுக்கும் தாடியும் இல்லை, சுருளும் இல்லை. தாடி ஓங்கு பண்பு. ஒரு பிரதி வந்தால் போதும். ஆகையால் முதல் தலைமுறை டூடில்கள் இருவகையிலும் தாடியோடு பிறக்கின்றன. தெருவில் நின்று வகை சொல்ல முடியாததன் காரணம் இந்தத் தாடியே. சுருள் பாதி மட்டும் இறங்கி, அலையாகிறது. வழி பிரிவது நீளத்தில். கோல்டனுக்குப் பூடிலைப் போலவே நீளமுடி. எனவே கோல்டன்டூடில் முழுவதும் நீளமுடியோடு வரும். லாப்ரடாருக்குக் குட்டைமுடி, அந்தக் குட்டையும் ஓங்கு பண்பு. அதனோடு தாடி மரபணுவும் சேர்வதால் முதல் தலைமுறை லாப்ரடூடிலின் முடி நீளத்துக்கும் குட்டைக்கும் நடுவே, சற்றுச் சொரசொரப்பாக, படிந்து கிடக்க மறுத்து நிற்கும். இரண்டுக்கும் உள்ள வேற்றுமைகளில் கையால் தடவி அறியத்தக்கது இது ஒன்றே.

இரண்டாம் தலைமுறையில் இந்த ஒழுங்கும் கலைகிறது. இரு லாப்ரடூடில்களை இணைத்தால், கணக்குப்படி நான்கில் ஒரு குட்டிக்குத் தாடி வராது. பதினாறில் மூன்றுக்குத் தாடியும் வராது, முடியும் குட்டையாகவே இருக்கும். அதாவது லாப்ரடூடிலின் விலை கொடுத்து ஏறக்குறைய லாப்ரடாரை வாங்கலாம். இதைத் தவிர்க்க விற்பனையாளர்கள் டூடிலை மறுபடியும் பூடிலுடன் சேர்த்து எஃப்1பி, எஃப்1பிபி என்று தலைமுறைகளுக்குக் குறியிடுகிறார்கள். ‘பி’ கூடக்கூட முடி உதிர்வது குறையும், சுருள் இறுகும், நாய் பூடிலை நெருங்கும். எனவே ஓர் எஃப்1, அதாவது முதல் தலைமுறை, லாப்ரடூடிலுக்கும் எஃப்1பிபி லாப்ரடூடிலுக்கும் உள்ள தூரம், இரண்டு எஃப்1பிபி டூடில்களுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிது. இன்னும் சொன்னால் ஒரே ஈற்றின் குட்டிகளுக்குள்ளேயே தூரம் மிகுதி. சுல்தானின் உடன்பிறந்தவை இதற்குச் சான்று. ‘இரண்டில் எது’ என்ற வினா, அந்த வடிவில் கேட்கப்படும்வரை, விடை பெறாது. வினாவைக் கைவிட இது போதிய காரணமாக எந்தக் குடும்பத்துக்கும் தோன்றியதில்லை.

நிறம் குறித்து ஒரு வரி. கோல்டன்டூடில் பொன்னிறமாகத்தான் இருக்கும் என்பது பலரின் துணிபு. கருப்புப் பூடிலுக்குப் பிறந்தது கருப்பாகவே வரலாம்; பெயர் அப்போதும் மாறாது.

அடுத்தது பசி. 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பிஓஎம்சி என்னும் மரபணுவில் ஒரு துண்டு குறைந்திருப்பதைக் கண்டனர். அது குறைந்த நாய்க்கு வயிறு நிறைந்த செய்தி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. கோல்டனில் இக்குறை காணப்படவில்லை. வழிகாட்டி, உதவி நாய்களாகப் பயின்ற லாப்ரடார்களில் இது முக்கால்வாசிக்கு மேல் இருந்தது. தின்பண்டம் காட்டிப் பயிற்றுவிக்கும் தொழிலில், ஓயாத பசி தேர்வில் முந்துவது இயல்பே. லாப்ரடூடில் பிறந்ததும் வழிகாட்டி நாய்ப் பண்ணையில்தான். ஆகவே மேசை விளிம்பில் ரொட்டியை வைத்துவிட்டுத் தொலைபேசி எடுக்கப் போகும் பழக்கமுள்ளவர்கள் கோல்டன்டூடில் பக்கம் சாய்வது நலம். அதுவும் ரொட்டியைத் தின்னும். தின்றபின் சற்றுநேரம் படுக்கும்.

குணம் பற்றிய நூல்கள் கோல்டன்டூடிலை மென்மையானது என்றும், லாப்ரடூடிலைச் சுறுசுறுப்பானது, அந்நியரிடம் ஒரு நொடி யோசிப்பது என்றும் பிரிக்கின்றன. இதற்கு அளவுகோல் எதுவும் தரப்படுவதில்லை. இரண்டுமே பேச்சுத்துணைக்கு ஏங்குபவை. பகல் முழுவதும் தனியே பூட்டிவைத்தால் இரண்டும் ஒரே வகைச் சோபாவை ஒரே முறையில் பிரிக்கும்.

நோயைப் பொறுத்தவரை, கலப்பு என்றால் திடம் என்ற நம்பிக்கை பரவலானது. லண்டன் ராயல் வெட்டரினரி கல்லூரி 2024இல் லாப்ரடூடில் உட்பட மூன்று பூடில் கலப்புகளை அவற்றின் பெற்றோர் இனங்களோடு 57 நோய்களில் ஒப்பிட்டபோது, 86.6 விழுக்காடு ஒப்பீடுகளில் வேறுபாடே தென்படவில்லை. ரெட்ரீவர் வழியாக இடுப்பு மூட்டுக் கோளாறும், தொங்கும் முடியடர்ந்த காதால் காதுச்சீழும் இருவகைக்கும் வரக்கூடியவை. கோல்டன் குலத்தில் புற்றுநோய் மிகுதி என்பதால், அமெரிக்காவில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கோல்டன்களை 2012 முதல் வாழ்நாள் முழுதும் தொடரும் ஆய்வு நடந்துவருகிறது. அந்தக் குலத்தின் நாயைப் பாதியளவு பெறுபவர், தாய் தந்தையின் இடுப்பு எக்ஸ்ரேயையும் கண் பரிசோதனைச் சான்றையும் கேட்டுப் பார்ப்பது முறை. லாப்ரடூடில் வாங்குபவரும் அப்படியே கேட்க வேண்டும். கேட்டால் முகம் சுளிக்கும் விற்பனையாளரிடம் எந்த வகையையும் வாங்க வேண்டாம் என்பதில் எல்லாப் பள்ளியாரும் ஒன்றுபடுகின்றனர்.

பராமரிப்பில் ஒரு முரண் உண்டு. முடி உதிராது என்ற காரணத்துக்காக வாங்கப்படும் நாயின் முடி, உதிர வேண்டியபோதும் உதிராமல் உள்ளேயே சிக்கிச் சடையாகிறது. நாள்தோறும் தோல்வரை சீவ வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை கத்தரிக்க வேண்டும். சீவாமல் விட்டால் முழுவதும் மழிப்பதே வழி. மழித்த லாப்ரடூடிலும் மழித்த கோல்டன்டூடிலும் ஒன்றுபோல் இருக்கும், ஒன்றுபோல் வெட்கப்படும். நீளமுடியால் கோல்டன்டூடிலுக்குச் சீப்பு வேலை கூடுதல். எனவே தேர்வை யார் செய்வது என்பதைவிட யார் சீவுவது என்பதை முதலில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பெரும்பாலான வீடுகளில் நாய் வேண்டுமென்று அழுதவர் ஒருவர், சீப்பு பிடித்தவர் வேறொருவர்.

உலகமே உற்றுப்பார்த்த தேர்வு ஒன்று உண்டு. ஒபாமா தம்பதியரின் மூத்த மகளுக்கு ஒவ்வாமை இருந்தது. தேர்வு லாப்ரடூடிலா போர்ச்சுகீஸ் வாட்டர் டாக்கா என்ற அளவில் வந்து நிற்பதாக 2009 ஜனவரியில் ஒபாமா தொலைக்காட்சியில் கூறினார். ஏப்ரலில் வெள்ளை மாளிகைக்குள் நுழைந்த போ, போர்ச்சுகீஸ் வாட்டர் டாக். கோல்டன்டூடில் அந்த இறுதிச் சுற்றுக்கே வரவில்லை. இதை லாப்ரடூடிலின் தோல்வியாகக் கொள்வதா, கோல்டன்டூடிலைவிட ஒரு படி முன்னே நின்ற வெற்றியாகக் கொள்வதா என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு.

சுருளும் உதிராத முடியுமே வேண்டுமென்றால் பூடிலையே வளர்க்கலாமே என்பது ஒரு தடை. தருக்கப்படி இதற்கு விடை இல்லை. ஆனால் பூடில் என்றதும் இடுப்பில் மழித்துக் கணுக்காலில் பந்து வைத்த கண்காட்சி நாய் பலர் கண்முன் வருகிறது. அந்த முடிவெட்டு விருப்பத்துக்குரியதே, கட்டாயம் அன்று என்று எவ்வளவு சொன்னாலும் ஏறுவதில்லை.

தேர்வுச் சிக்கலை வளர்ப்பாளர்களே தீர்க்க முற்பட்டிருக்கிறார்கள். லாப்ரடூடிலையும் கோல்டன்டூடிலையும் ஒன்றோடொன்று இணைசேர்த்து டபுள் டூடில் என்ற பெயரில் விற்கிறார்கள். இதனால் எது என்று முடிவெடுக்க முடியாதவர்கள் இரண்டையும் ஒரே நாயில் பெறலாம். இரண்டு இருந்தவரை செய்ய வேண்டிய ஒப்பீடு ஒன்று. மூன்றானபின் ஒப்பீடுகளும் மூன்று.