மைத்துனர்ப் படலம்: கடல்கடந்த வாடகை வீட்டுக்குப் பொருள் திரட்டுதல் பற்றிய விசாரணை

அயல்நாட்டில் வீடு வாங்கி வாடகைக்கு விடும் தொழிலை ஆராயப் புகுவோர், அயல்நாடு என்பது யாதென முதற்கண் வரையறுத்தல் நூல்மரபு. புதுச்சேரியில் இம்மரபு வாயிற்படியிலேயே இடறி விழுகிறது. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறி, 1962 ஆகஸ்டு 16-இல் ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்து, அதன்பின் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென எழுதிக் கொடுத்தவர்க்கு, அவர் பிறந்த வீடே ஒரு முழமும் நகராமல் அயல்நாட்டில் போய் அமர்ந்துகொண்டது. ஆகவே பாரிசில் வாழும் சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பத்துப் பிள்ளை, புதுச்சேரி மேட்டுப்பாளையத்துத் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வருவோரை நம்பி மாடிவீடு வாங்குவது அயல்நாட்டு முதலீடா, ஊர்ப்பாசமா என்னும் சர்ச்சை இன்னும் தீர்ந்தபாடில்லை (காண்க: தட்டாஞ்சாவடித் தேநீர்க்கடை வாய்மொழி, மழைக்காலப் பதிப்பு).

பொருள் வரும் வழி நான்கு. முதலாவது, சேமிப்பு; இருந்தால் இருக்கிறது. இரண்டாவது, பெட்டிக்குள் மடித்து வைத்த யூரோ நோட்டு. அயற்செலாவணி விதி அதனை விலையாக ஏற்பதில்லை, வங்கி வழி வந்த பணமே பணம். மூன்றாவது, ரூபாய்க் கடன். ஓ.சி.ஐ. (கடல்கடந்த இந்தியக் குடிமகன்) அட்டை உடையவர், விளைநிலமும் தோட்டமும் பண்ணைவீடும் நீக்கி, குடியிருப்பு வாங்கலாம். முப்பது லட்சம் வரையிலான கடனாயின் விலையில் 90 விழுக்காடு வரை வங்கி கொடுக்கலாம்.

நான்காவதே மைத்துனர். அக்கடனை வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்தாலோ, வாடகையாலோ, இந்தியாவில் உள்ள நெருங்கிய உறவினர் கணக்கிலிருந்தோ அடைக்கலாம் என்பது விதி. உறவினர் யாரெனக் கேட்டால், கம்பெனிச் சட்டத்தைப் பார் என்கிறது அது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை 22 வகை உறவினரை எண்ணி, கடைக்கோடியில், பந்தியில் இடம் கிடைக்காதவரை வாசலோரம் உட்காரவைப்பது போல, சகோதரியின் கணவரை அமர்த்தியிருந்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த விதியோ, மருமகளையும் மருமகனையும் வைத்துக்கொண்டு, அவரை எழுப்பி அனுப்பிவிட்டது. மனைவியின் சகோதரர் இரு பாடங்களிலும் இல்லை! தமிழோ இவ்விருவரையும் மச்சான் என்னும் ஒரே சொல்லால் அழைத்து ஆய்வாளரை அலைக்கழிக்கிறது. சகோதரியின் கணவர் விடுபட்டது ஏடெழுதியவர் பிழை என்பர் ஒரு சாரார். அன்று, மைத்துனரிடம் பணம் கொடுத்துவைத்த அனுபவசாலி ஒருவரின் இடைச்செருகல் என்பர் மற்றொரு சாரார் (காண்க: பெயர் கூற விரும்பாத தரகர் ஒருவரின் சட்டைப்பைச் சுவடி, வெற்றிலைக்கறை படிந்த மூன்றாம் ஏடு, பின்புறம், தலைகீழாக). இரு சாராரில் ஒருவரும் மேட்டுப்பாளையம் வந்ததில்லை. கண்டவன் எழுதியதைக் காணாதவன் திருத்துவதற்கே முனைவர் பட்டம் என்பதனால், அதனைக் குறையாகக் கொள்ளலாகாது.

சட்டம் விலக்கிய மைத்துனரிடமே சாவி இருக்கிறது; வாயிற்கதவில் தொங்கும் ‘வீடு வாடகைக்கு’ அட்டையில் உள்ள தொலைபேசி எண்ணும் அவருடையதே. உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவராதலால், குடியிருப்பவர் வாடகையில் நூற்றுக்கு முப்பதும் அதன்மேல் செஸ்ஸும் வரியாகப் பிடித்துச் செலுத்த வேண்டும் என்று குடியிருப்பவரிடம் சொன்னால், அவர் மைத்துனரைப் பார்க்கிறார். மைத்துனர் வானத்தைப் பார்க்கிறார். எஞ்சியதில் மோட்டார்ப் பழுது கழியும். ஆவணியில் ஒரு முறை, ஐப்பசியில் இரு முறை, தை பிறந்ததும் காயில் கட்டியது எனக் கணக்கு வரும் (காண்க: மைத்துனர் குறிப்பேடு, வாட்சப் மூலபாடம், குரற்பதிவு உரை, அதன்மேல் தமக்கையார் எழுதிய அழுகை விருத்தி). சென்ற விடுமுறையில் வந்த உரிமையாளர், பூர்வபட்ச நிராகரணத்தின் பொருட்டு, ஒரு மாலை முழுதும் கிணற்றடியிலும் மாடிப்படிக்குக் கீழும் தேடினார்.

வீட்டில் மோட்டார் இல்லை. பழுதாகி எடுத்துப் போயிருக்கிறது என்பது மைத்துனர் தரப்பு.